கடைசி பெஞ்சிலிருந்து தொடங்குங்கள்

பி.எட். அறிவியல் மாணவர்களுக்கு வடிவமைப்புச் சிந்தனையை, அதாவது பயன்படுத்துபவரைக் கவனித்து, சிக்கலை வரையறுத்து, மாதிரி செய்து சோதிக்கும் முறையை, நான் விரிவுரையாக நடத்துவதில்லை. முதலில் மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு அனுப்பிவிடுவேன். பாடம் எடுக்கக் கூடாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்க மட்டும் வேண்டும். அப்படித்தான் ஒரு சிறுமியின் கேள்வி கிடைத்தது: "ஸ்ட்ரால இளநீரை நாமதானே இழுக்கிறோம்?" உண்மையில், நாம் உறிஞ்சும்போது வெளிக்காற்றின் அழுத்தம்தான் இளநீரை மேலே தள்ளுகிறது.

சிக்கலை "அழுத்தம் கடினம்" என்று எழுதாதீர்கள். "காற்று தள்ளுவதை இவள் எப்படி உணர்வாள்?" என்று எழுதுங்கள். இந்த ஒரு வரிக்கு இரண்டு நாள் செலவழித்தாலும் தகும்.

அப்புறம் யோசனைகளைக் கொட்டலாம், எதையும் வெட்டாமல். மாதிரி மலிவாக இருக்கட்டும்: விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய கண்ணாடி பாட்டில், ஸ்ட்ரா, வாயைச் சுற்றிக் களிமண். உள்ளே காற்று புகாவிட்டால் உறிஞ்ச வராது. எங்கள் களிமண் விரிசல்விட்டு, காற்று புகுந்து, ஸ்ட்ராவில் தண்ணீர் வந்துவிட்டது. மெழுகால் அடைத்து, மறுநாள் அவளிடமே திரும்பக் கொண்டுபோனோம்.