அவன் ஏன் கை நீட்டுகிறான்? காரணம் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

பெண்டாட்டியை அடிக்கிறவனைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் வீடுகளில் முதலில் வருவது ‘குடிச்சா மட்டும்தான் அப்படி, மத்தபடி தங்கமான பையன்’ என்பதுதான். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. குடிக்கும் அடிக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், அடிக்கடி போதையில் வரும் கணவன் வாய்த்த பெண்களில் சுமார் 70 சதவீதம் பேர் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்திருக்கிறார்கள். ஆனால் குடிக்காத கணவன் உள்ள பெண்களிலும் 23 சதவீதம் பேர் அதையே சொல்கிறார்கள், அவர்களுக்கு என்ன காரணம் சொல்வது? டாஸ்மாக்கிலிருந்து தள்ளாடி வருகிறவன் வழியில் பெட்டிக்கடைக்காரரை அடிப்பதில்லை, முனையில் நிற்கும் போலீஸ்காரரை அடிப்பதில்லை, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் அடிக்கிறான். போதை அடியைக் கூட்டும். யாரை அடிக்கலாம் என்பது அவனுக்குக் குடிக்கும் முன்பே தெரியும்.

அடுத்தது, ‘முன்கோபக்காரன்’. எங்கள் சொந்தத்தில் ஒரு அக்கா வீட்டுக்கு ஒருநாள் சொல்லாமல் போனேன். வாசலில் நிற்கும்போதே உள்ளே கத்தல், ஏதோ உடைகிற சத்தம். காலிங் பெல்லை அழுத்தினேன். சத்தம் நின்றது. கதவைத் திறந்த மாமா ‘வாங்க தம்பி, காபி சாப்பிடுறீங்களா?’ என்று சிரித்தார். அக்கா அடுப்படியில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் நொறுங்கிக் கிடந்தது அவள் போன், அவர் போன் மேஜைமேல் பத்திரமாக இருந்தது. அடிபட்ட இடமெல்லாம் ரவிக்கை மறைக்கிற இடம் என்று அப்புறம்தான் தெரிந்தது. தன்னை மறந்த கோபத்துக்கு இவ்வளவு கணக்குத் தெரியுமா?

எனக்குப் பட்ட காரணம் இதுதான்: இவள் என் சொல்லுக்கு அடங்கி இருக்க வேண்டியவள், மீறினால் அடிக்க எனக்கு உரிமை உண்டு என்று அவன் உண்மையாகவே நம்புகிறான். அடித்தால் பலனும் கிடைக்கிறது, மறுநாளிலிருந்து அவள் அம்மாவுக்குப் போன் செய்வதைக் குறைத்துக்கொள்கிறாள், சம்பளத்தைக் கேட்காமலே கொடுத்துவிடுகிறாள், அவனுக்கோ எந்த நஷ்டமும் இல்லை. அந்த நம்பிக்கையை அவன் தனியாக உண்டாக்கிக்கொள்ளவும் இல்லை. சொல்லாமல் வெளியே போவது, எதிர்த்துப் பேசுவது, சமையல் சரியில்லாமல் போவது மாதிரியான ஏழு காரணங்களில் ஒன்றுக்காவது கணவன் அடிக்கலாம் என்று அதே ஆய்வில் பெண்களில் 45 சதவீதமும் ஆண்களில் 44 சதவீதமும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

‘அவங்கப்பா அடிச்சதைப் பார்த்து வளர்ந்தவன்’ என்பதில் உண்மை இருக்கிறது, அப்படி வளர்ந்தவர்கள் அடிக்கும் வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் அதே வீட்டில் வளர்ந்த தம்பி கை நீட்டாமல் இருக்கிறானே. படிக்காதவன்தான் அடிப்பான் என்பதும் தவறு, அந்த மாமா பட்டதாரி.

இதைவிடப் பெரிய தவறு, ‘இவளுக்கும் வாய் ஜாஸ்தி’ என்று இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பஞ்சாயத்து பேசுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். அக்காவை அப்படித்தான் பேச வைத்தோம். எல்லார் முன்னாலும் தலையாட்டிய மாமா, வீட்டுக்குப் போனதும் அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் தனித்தனியாகக் கணக்குத் தீர்த்தார். நாங்கள்தான் அவளை மாட்டிவிட்டோம், இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது. கேட்பதாக இருந்தால் அவளைத் தனியாகக் கேளுங்கள்.

‘இவ்வளவு நடந்தும் ஏன் அங்கேயே இருக்கே?’ என்றும் கேட்காதீர்கள். பிடி நழுவுகிறது என்று அவனுக்குத் தெரியும்போதுதான், அதாவது அவள் கிளம்பும்போதும் கிளம்பிய பிறகும்தான், உயிருக்கே ஆபத்து அதிகம். எப்போதாவது கழுத்தை நெரித்தானா என்று கட்டாயம் கேளுங்கள். அமெரிக்காவில் 2008இல் வந்த ஓர் ஆய்வு, கழுத்து நெரிக்கப்பட்ட பெண்கள் பின்னாளில் துணைவனால் கொல்லப்படும் அபாயம் சுமார் 7 மடங்கு என்கிறது. காயமே தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது.

181 என்ற பெண்கள் உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி, வீடு அவன் பேரில் இருந்தாலும் அவள் அங்கே இருக்க உரிமை உண்டு, தேவைப்பட்டால் அவனை வெளியேறச் சொல்லி மாஜிஸ்ட்ரேட் உத்தரவிடலாம். அக்காவுக்கு இது தெரிய ஒன்பது வருஷம் ஆனது.