நான்கைக் கழியுங்கள், அரையைக் கூட்டுங்கள்

இந்திய நேரத்தில் நான்கு மணியைக் கழித்து அரை மணியைக் கூட்டுங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நேரம் கிடைத்துவிடும். இந்தியாவில் இரவு 7.30-க்குத் தொடங்கும் ஐபிஎல் ஆட்டம் டர்பனில் இருக்கும் நமக்கு மாலை 4.00; பிற்பகல் 3.30 ஆட்டம் நண்பகல் 12.00. மூன்றரையை மனத்தில் கழிக்கப்போய்த்தான் டாஸைத் தவறவிடுகிறோம். இரு நாடுகளிலும் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் இந்தக் கணக்கு ஆண்டு முழுவதும் மாறாது.

சென்னைப் பஞ்சாங்கத்தில் திதி முடியும் நேரத்துக்கும் இது சரிவரும். ராகு காலத்துக்கு மட்டும் வேண்டாம். அது அந்தந்த ஊரின் சூரிய உதயத்தை வைத்துக் கணிப்பது. மொரீஷியசில் உறவினர் இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடாதீர்கள், அங்கே வித்தியாசம் ஒன்றரை மணிதான்.