வாரண்டி அட்டையும் வேலூர் வெயிலும்

காட்பாடியில் எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கிய டியூபுலர் பேட்டரிக்கு 60 மாத வாரண்டி என்றிருந்தாலும், முதல் 36 மாதங்களுக்கே இலவச மாற்று, எஞ்சிய மாதங்களுக்கு விலையில் கழிவு மட்டுமே என்பதை, 40ஆம் மாதத்தில் அது அரை மணி நேரம்கூடத் தாங்காமல் போனபோதுதான் கவனித்தேன். மூடியைத் திறந்தால் இரண்டு செல்களில் தண்ணீர் வற்றி, தகடுகளின் நுனி வெண்மை பூத்திருந்தது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும், டியூபுலர் உள்ளிட்ட ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். நானோ அதை மாடித் தகரக் கொட்டகையில், கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் வைத்திருந்தேன்.

புதியதை மாடிப்படிக்குக் கீழே, காற்றோட்டமான நிழலில் வைத்து, மாதந்தோறும் தண்ணீர் மட்டம் காட்டும் மிதவையைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுகிறேன். இது ஆறாவது கோடை. வாரண்டி முடிந்துவிட்டது, ஆனாலும் முழு சார்ஜில், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஆறு செல்களிலும் நல்ல நிலைக்கு அடையாளமான 1240க்குக் குறையாமல் காட்டுகிறது.