முதலாளித்துவம் என்ற சொல் இல்லாத நூல்களில் முதலாளித்துவத்தை வாசிப்பது எப்படி?

பழைய பொருளாதார அறிஞர்களான ஆடம் ஸ்மித்தையோ ரிக்கார்டோவையோ கையில் எடுக்கும்போது ‘முதலாளித்துவம்’ என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். ஸ்மித்தின் ‘நாடுகளின் செல்வம்’ வெளியான 1776-இல் அச்சொல் ஒரு பொருளாதார அமைப்பின் பெயராக வழங்கவில்லை. ஸ்மித் தம் காலத்தை ‘வணிகச் சமுதாயம்’ என்றே குறித்தார். மார்க்ஸ்கூட ‘முதலாளித்துவ உற்பத்தி முறை’ என்று எழுதுவதே பெரும்பான்மை. ஆகவே, ‘இவர் முதலாளித்துவத்தை ஆதரித்தாரா, எதிர்த்தாரா?’ என்று தொடங்கினால் நூல் தரும் விடை நம் காலத்துச் சண்டைக்குரியதாகவே அமையும். ‘இவர் யாரை மறுத்து எழுதினார்?’ என்று கேட்பதே பயன் தரும் தொடக்கம். ஸ்மித் மறுத்தது, ஏற்றுமதி மிகுந்து பொன்னும் வெள்ளியும் உள்ளே வருவதே செல்வம் என்று நம்பி, கிழக்கிந்தியக் கம்பெனி போன்ற நிறுவனங்களுக்குத் தனியுரிமை அளித்த வணிகவாதத்தை. அவருடைய தடையற்ற வணிகம் என்ற கோரிக்கை, அரசின் தயவில் கொழுத்த வணிகர்களுக்கு எதிராகவும் எழுந்தது என்பது இப்போது விளங்கும்.

அடுத்து, புகழ்பெற்ற சொற்றொடர் எதுவாயினும் அது அமைந்துள்ள பத்தி முழுவதையும் படியுங்கள். ‘கண்ணுக்குத் தெரியாத கை’ இதற்குச் சிறந்த பயிற்சி. பெரிய நூலாகிய ‘நாடுகளின் செல்வ’த்தில் அத்தொடர் ஒரே ஒரு முறை, நான்காம் பகுதியின் இரண்டாம் அத்தியாயத்தில், இறக்குமதித் தடைகளைப் பற்றிய விவாதத்தின் நடுவே வருகிறது. தன் மூலதனத்தின் பாதுகாப்புக் கருதி உள்நாட்டுத் தொழிலையே விரும்பும் வணிகன், தான் எண்ணாத பொதுநன்மைக்கும் துணைபுரிந்துவிடுகிறான் என்பதுதான் அங்குள்ள வாதம். தன்னலம் எப்போதும் எங்கும் நன்மையே விளைவிக்கும் என்ற பொதுவிதி அங்கே இல்லை. அதே நூலின் முதற்பகுதி, ஒரே தொழிலைச் செய்வோர் கூடினால் பேச்சு பெரும்பாலும் விலையை உயர்த்தும் சூழ்ச்சியில் முடியும் என்கிறது. கூலியைக் குறைக்க முதலாளிகள் சேர்வதைத் தடுக்கச் சட்டம் இல்லை, கூலியை உயர்த்தத் தொழிலாளர் சேர்வதைத் தடுக்கவோ பல சட்டங்கள் உள்ளன என்றும் சுட்டுகிறது.

மேற்கோள் நூல்கள் விட்டுவிடும் இடங்களைத் தேடிச் செல்வதும் நல்ல பழக்கம். குண்டூசித் தொழிற்சாலையில் 10 பேர் வேலையைப் பகுத்துக்கொண்டு ஒரு நாளில் 48,000 ஊசிகளுக்குமேல் செய்வதை விவரிக்கும் முதல் அத்தியாயம் எல்லோருக்கும் தெரியும். ஐந்தாம் பகுதியை எட்டுவோர் குறைவு. ஓரிரு எளிய செயல்களையே வாழ்நாள் முழுவதும் செய்பவனின் அறிவு மழுங்கிப்போகும், அதைத் தடுக்க அரசு கல்விக்கு வழிசெய்ய வேண்டும் என்று அதே ஸ்மித் அங்கே எழுதுகிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர் அவரைப் பாதிதான் படித்திருக்கிறார் என்பது என் கருத்து.

எந்தப் பதிப்பு என்பதையும் பாருங்கள். ரிக்கார்டோவின் முதன்மை நூல் 1817-இல் வந்தது. 1821-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அவர் இயந்திரங்களைப் பற்றிப் புதிய அத்தியாயம் ஒன்றைச் சேர்த்து, இயந்திரம் எல்லா வகுப்பினருக்கும் நன்மையே தரும் என்று தாம் முன்பு கருதியது தவறு, அது தம் நலனைக் கெடுக்கக்கூடும் என்ற தொழிலாளரின் அச்சம் வெறும் அறியாமை அன்று என ஒப்புக்கொண்டார். தானியங்கிகளைப் பற்றிய இன்றைய விவாதங்களில் இந்த அத்தியாயம் மீண்டும் பேசப்படுகிறது; முதற்பதிப்போடு நிற்பவருக்கு இது தெரியவே வராது. மார்க்ஸிடம் இன்னும் கவனம் தேவை. ‘மூலதன’த்தின் முதல் தொகுதியை மட்டுமே அவர் 1867-இல் தாமே வெளியிட்டார்; 1885, 1894 ஆகிய ஆண்டுகளில் வந்த மற்ற இரண்டும் அவருடைய கையெழுத்துப் படிகளிலிருந்து அவர் நண்பர் எங்கெல்ஸ் தொகுத்தவை. இலாப வீதம் வீழும் போக்கைப் பற்றிய புகழ்பெற்ற வாதம் மூன்றாம் தொகுதியில் இருப்பதால், ஆய்வாளர்கள் இன்று அச்சுநூலைக் கையெழுத்துப் படிகளோடு ஒப்பிட்டே பேசுகிறார்கள்.

ஒரு நூலின் விளக்கம், கணிப்பு, மதிப்பீடு ஆகிய மூன்றையும் தனித்தனியே எடைபோடுங்கள். மக்கள்தொகை உணவை விஞ்சியே தீரும் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் மால்தஸின் 1798-ஆம் ஆண்டுக் கணிப்பைத் தொழில்வள நாடுகளின் வரலாறு பொய்ப்பித்தது. ஆனால் நாடு முழுவதிலும் பொருள்களுக்கான வேண்டல் (வாங்குவோர் தேவை) குறையக்கூடும் என்று அவர் ரிக்கார்டோவோடு நடத்திய வாதத்தை இருபதாம் நூற்றாண்டுப் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் பின்னாளில் பெரிதும் போற்றினார்.

இறுதியாக, விளக்கம் சொல்பவரையும் வாசியுங்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஸ்டிக்லர் ஸ்மித்திடம் தன்னலத்தை அடித்தளமாகக் கண்டார். அமர்த்தியா சென், ஸ்மித்தின் 1759-ஆம் ஆண்டு ‘அறவுணர்வுகளின் கோட்பாடு’ நூலையும் சேர்த்து, பரிவையும் நீதியையும் முன்னிறுத்துகிறார். 1870-களில், கூடுதலாகப் பெறும் ஓர் அலகு தரும் பயனைக் கொண்டு மதிப்பை விளக்கும் இறுதிநிலைப் பயன்பாட்டுக் கோட்பாடு பரவியபின், செலவான உழைப்பைக் கொண்டு மதிப்பை விளக்கிய பழைய உழைப்பு மதிப்புக் கோட்பாடு கைவிடப்பட்டது போலத் தோன்றினாலும், ரிக்கார்டோவின் எழுத்துகளைப் பதிப்பித்த ஸ்ராஃபா 1960-இல் விலையையும் வருமானப் பங்கீட்டையும் பற்றிய அந்த மரபின் கேள்விகளை மீண்டும் எழுப்பினார். இந்த விளக்கங்களில் ஒன்றைப் பற்றிக்கொள்வதற்குமுன் ஸ்மித்தின் முதற்பகுதியையும் ஐந்தாம் பகுதியையும், அதன்பின் ரிக்கார்டோவின் இயந்திர அத்தியாயத்தையும் நேரடியாகப் படித்துவிடுங்கள்.