நான்கே நிறுவனங்களுக்குள் நமக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2010 வாக்கில் ஊர்ப் பெட்டிக்கடையில் ரீசார்ஜ் செய்யப் போனால், ஏர்செல், டோகோமோ, ரிலையன்ஸ், ஐடியா, வோடபோன், எம்டிஎஸ் என்று கடைக்காரர் அட்டைகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பார். 2012 பிப்ரவரி 2 அன்று 2ஜி சேவைக்கான 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதன்பின் சில நிறுவனங்கள் மூடப்பட்டன, சில இணைந்தன. இன்று எஞ்சியிருப்பவை ஜியோ, ஏர்டெல், வி (வோடபோனும் ஐடியாவும் இணைந்தது), பிஎஸ்என்எல் ஆகிய நான்கு மட்டுமே. 2024 ஜூலை முதல் வாரத்தில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தியபோது, நான்கு என்பதும் எவ்வளவு சிறிய எண் என்பது பலருக்குப் புரிந்தது. தேர்வு இப்படிச் சுருங்கியிருக்கும்போது, எந்த நிறுவனம் சிறந்தது என்று ஆராய்வதைவிட, எப்போது வேண்டுமானாலும் வெளியேறும் வழியைத் திறந்து வைத்திருப்பதே வாடிக்கையாளருக்குப் பெரிய பலம் என்பது என் கருத்து.

முதல் வேலை, சிக்னலை நாமே சோதிப்பது. நம் ஊரில் விற்கும் பெரும்பாலான கைப்பேசிகளில் இரண்டு சிம்களுக்கு இடம் இருப்பதால், மாற எண்ணும் நிறுவனத்தின் புதிய பிரீபெய்டு சிம் ஒன்றை வாங்கி, இருப்பதிலேயே குறைந்த விலைத் திட்டத்தைப் போட்டு, ஒரு மாதம் இரண்டாவது இடத்தில் வைத்துப் பார்க்கலாம். மொட்டை மாடியில் நின்று வேகத்தை அளப்பதில் பயனில்லை. சமையலறையிலும் கடைசி அறையிலும், இரவு எட்டு மணிக்கு மேல் தெருவே காணொளி பார்க்கும் நேரத்திலும், வேலைக்குப் போகும் பேருந்திலும், பண்டிகைக்குச் செல்லும் சொந்த ஊரிலும் பேசிப் பார்க்க வேண்டும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் சுவர்களை ஓரளவு எளிதாகக் கடந்து உள்ளே வரும். 2300, 3500 மெகாஹெர்ட்ஸ் போன்றவை வேகமானவை என்றாலும் சுவரில் வலுவிழந்துவிடும். வாசலில் நான்கு கோடு காட்டும் சிம் படுக்கையறையில் ஊமையாகிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை முழுதாக நம்ப முடியாததற்கும் இதுவே காரணம்: அவர் வீட்டுச் சுவர் வேறு, அவர் கைப்பேசியும் வேறு. ஓர் எச்சரிக்கையும் உண்டு. சோதனைக்காக வாங்கிய எண்ணை வங்கிக் கணக்கிலோ ஆதாரிலோ இணைக்கக் கூடாது, ஏனெனில் நாம் கைவிட்டபின் அந்த எண் வேறொருவருக்குப் போய்ச் சேரும்.

அடுத்தது கைப்பேசி. நான்கு நிறுவனங்களிலும் வேலை செய்யும் கருவியை வாங்கினால்தான் பின்னால் மாறுவது எளிது. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி சேவையே கிடையாது என்பதால், 4ஜி வழியே அழைப்பை எடுக்கும் வோல்டிஇ வசதி கருவியில் இருந்தே ஆக வேண்டும். பிஎஸ்என்எல் தன் 4ஜி சேவைக்கு 700 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்துவதால், கருவியின் விவரப் பட்டியலில் அந்த அலைவரிசையைக் குறிக்கும் ‘பேண்ட் 28’ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கைப்பேசிகள் பலவற்றில் அது இருப்பதில்லை, பிஎஸ்என்எல்லுக்கு மாறிய சிலர் கோபுரத்தின் அடியில் நின்றும் இணையம் வரவில்லை என்று திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2017இல் வந்த ஜியோபோன் போல ஒரே நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும் கருவிகள் மலிவாகக் கிடைத்தாலும், அந்த மலிவுக்கு நாம் கொடுக்கும் விலை மாறும் உரிமைதான். பழைய கைப்பேசி வாங்குவதானால், அதில் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (கைப்பேசியின் அடையாள எண்), ஆங்கில எழுத்துகளில் ‘கேஒய்எம்’ என்பதற்குப் பின் ஓர் இடம் விட்டு எழுதி, 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது முடக்கப்பட்டதா என்பது தெரிந்துவிடும்.

கடைக் கண்ணாடிக்குள் பத்துப் பெயர்கள் தெரிவதைக் கண்டு தேர்வு விரிந்திருப்பதாக எண்ண வேண்டியதில்லை. ரெட்மியும் போக்கோவும் ஷாவ்மியின் பிள்ளைகள். ரியல்மி ஓப்போவிலிருந்து பிறந்தது. ஐபோனை விட்டால் மற்ற ஸ்மார்ட்போன்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓடுவது ஆண்ட்ராய்டுதான். கேமரா எண்களை ஒப்பிடும் நேரத்தில் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டால் போதும்: பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு வரும், பழுது பார்க்கும் சேவை மையம் நம் மாவட்டத்தில் இருக்கிறதா?

கட்டணத்தில் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. 28 நாள் திட்டத்தில் இருப்பவர் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறையல்ல, பதின்மூன்று முறை ரீசார்ஜ் செய்கிறார். 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றையும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையும் ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022இல் உத்தரவிட்டது. இணையமே பயன்படுத்தாத பெரியவர்களுக்காக, பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களைக் கட்டாயமாக்கும் விதி 2024 டிசம்பரில் வந்தது. இவற்றைக் கடைக்காரர் தானாக எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். டிராயின் கட்டண ஒப்பீட்டுத் தளத்திலும் பார்த்துக்கொள்ளலாம். விலையை நாட்களால் வகுத்துப் பார்த்தால் பல ‘சலுகைகள்’ கரைந்துவிடும்.

இவ்வளவும் பார்த்தபின் மாறுவது என்று முடிவானால், எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு மாறும் வசதி நாடு முழுவதும் 2011 ஜனவரி 20 முதல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்று தட்டி, ஓர் இடம் விட்டு, பத்து இலக்க எண்ணை எழுதி, 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். எந்த விலைத் திட்டத்தில் இருந்தாலும் இந்தச் செய்தியை அனுப்ப விட வேண்டும் என்று டிராய் 2021இல் ஆணையிட்டிருப்பதால், ‘உங்கள் திட்டத்தில் எஸ்எம்எஸ் இல்லை’ என்ற பதிலை ஏற்க வேண்டாம். தகுதி இருந்தால் எட்டு எழுத்துகள் கொண்ட குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாட்களுக்குச் செல்லும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாட்கள் நிறைவடையாவிட்டாலும், போஸ்ட்பெய்டு பாக்கி இருந்தாலும், பெயர் மாற்றக் கோரிக்கை நிலுவையில் இருந்தாலும், கடந்த ஏழு நாட்களுக்குள் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கியிருந்தாலும் குறியீடு கிடைக்காது. கடைசி நிபந்தனை எண் திருட்டைத் தடுப்பதற்காக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குறியீட்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குச் சென்றால், ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (ஏறத்தாழ ஒரு மாநில அளவிலான சேவைப் பகுதி) மூன்று வேலை நாட்களிலும், வேறு வட்டத்துக்கு என்றால் ஐந்து வேலை நாட்களிலும் மாற்றம் முடியும். பழைய பிரீபெய்டு கணக்கில் மீதமிருக்கும் தொகையும் நாட்களும் கூட வராது என்பதால், திட்டம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது தொடங்குவதே கணக்குக்குச் சரி. பழைய சிம்மில் சிக்னல் போகும்போது புதியதைப் பொருத்த வேண்டும். இடையில் சில மணி நேரம் ஓடிபி வராமல் போகலாம், அன்று பணப் பரிமாற்றம் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாறியபின் அடுத்த 90 நாட்களுக்கு அந்த நிறுவனத்தோடுதான் இருந்தாக வேண்டும். அதனால் சோதனைக்கு வாங்கிய சிம்மைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். புது நிறுவனமும் அதுவும் ஒன்றே என்றால், வேறொரு நிறுவனத்தின் சிம்மை அந்த இரண்டாவது இடத்தில் போட்டு வையுங்கள். 2018 பிப்ரவரியில் ஏர்செல் சிக்னல் தமிழ்நாட்டின் பல ஊர்களில் சட்டென்று மறைந்தபோது, 1900க்குச் செய்தி அனுப்பக்கூட வழியில்லாமல் மக்கள் கடை வாசல்களில் கூட்டமாக நின்றார்கள். அன்று வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைக் கூடவே வைத்திருந்தவர்களுக்குப் பேச்சாவது தடைபடவில்லை. 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாத இணைப்பை நிறுவனம் துண்டிக்கலாம், ஆனால் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாட்கள் நீட்டிக்க வேண்டும் என்பது டிராய் விதி. எனவே இரண்டாவது சிம்மில் 20 ரூபாய்க்குக் குறையாத ஒரு சிறு தொகையை விட்டுவைத்து, திட்டம் நடப்பில் இருக்கும்போது அவ்வப்போது அதிலிருந்து வீட்டுக்கு ஓர் அழைப்புப் போடுங்கள்.