ஜிகர்தண்டாவில் சால்மொனெல்லா: 'இல்லை' என்று எழுதுமுன் செய்ய வேண்டியவை

மதுரை விளக்குத்தூண் பக்கம் வாங்கும் ஒரு கிளாஸ் ஜிகர்தண்டாவில் சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், பாசுந்தி, ஐஸ்கிரீம் எல்லாம் சேர்கின்றன. பால் நன்றாகக் கொதித்ததுதான். ஆறிய பிறகு அதற்குள் போகும் கரண்டி கொதித்ததா என்பதுதான் கேள்வி. பாதாம் பிசின் அடுப்புப் பக்கமே போவதில்லை. ராத்திரி தண்ணீரில் ஊறி, மறுநாள் நேராகக் கிளாசில் விழுகிறது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாக்கும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா இருந்தால் நாற்றமும் வராது, ருசியும் மாறாது.

இந்தக் குறிப்பு உணவு நுண்ணுயிர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் அதைப் படிக்கும் மாணவர்களுக்கும். கடைக்காரர்களுக்கு மாதிரி எடுக்கும் பகுதி உதவும். கிருமியை வளர்க்கும் வேலையைக் கடையிலோ வீட்டிலோ செய்யவே கூடாது. ஆய்வகத்தில் 'இருக்கிறது' என்ற முடிவுக்கு, கிருமி வளர்க்கும் தட்டில் சாட்சி இருக்கும். 'இல்லை' என்பதற்குச் சாட்சியை நாம்தான் உண்டாக்க வேண்டும். கீழே சொல்லும் கவனமெல்லாம் அதற்காகத்தான்.

மாதிரி எடுப்பது

கிளாசில் கலந்த பண்டத்தை மட்டும் எடுத்தால், கிருமி இருப்பது தெரியும். எதிலிருந்து வந்தது என்பது தெரியாது. அதனால் பால், பிசின், சர்பத், ஐஸ்கிரீம், பிசின் ஊறவைக்கும் தண்ணீர் ஆகியவற்றைத் தனித்தனியாகவும் எடுங்கள். தனிப்பொருளுக்குக் கிருமி நீக்கிய கரண்டி. கலந்த பண்டத்துக்கோ கடைக்காரரே தன் கரண்டியால் வழக்கம்போல் போடட்டும். கிருமி நீக்கிய டப்பாவில் வாங்கிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வயிற்றுக்குப் போவது அந்தக் கரண்டி தொட்டதுதானே.

ஒரே பண்டத்தில் ஐந்து அலகு, ஒவ்வொன்றும் 200 கிராம் எடுப்பது நல்லது. பால் பொருள்களுக்கு ஐந்தில் ஒன்றில்கூட, 25 கிராமுக்கு, சால்மொனெல்லா இருக்கக் கூடாது என்பதே விதி. கிருமி பண்டம் முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஒரு டப்பாவை மட்டும் சோதித்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தண்ணீரில் குளோரின் இருந்தால், பாட்டிலிலேயே கிருமி செத்துவிடும். 120 மி.லி. பாட்டிலுக்கு 3 சதவீத சோடியம் தயோசல்பேட் கரைசல் 0.1 மி.லி. விட்டு, அதன் பிறகு ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) எடுத்துப் போங்கள். லிட்டருக்கு 5 மி.கி. வரையுள்ள குளோரினை அது முறித்துவிடும்.

சித்திரை வெயிலில் பைக்கில் மாதிரி கொண்டுவருவதுதான் மதுரையில் பெரிய சோதனை. ஐஸ் பெட்டிக்குள் 1 முதல் 8 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். உடைத்த ஐஸ் போடாதீர்கள். உருகிய தண்ணீர் மூடி வழியாக உள்ளே கசியும். ஜெல் பேக் வையுங்கள். வெறும் தண்ணீர் நிரப்பிய ஒரு டப்பாவுக்குள் தெர்மாமீட்டரைச் செருகி, மாதிரிகளோடு சேர்த்து வையுங்கள். ஆய்வக வாசலில் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள். ஐஸ்கிரீம் மட்டும் உறைந்தபடியே வரட்டும். மற்றவற்றை உறையவைத்தால் கிருமியில் ஒரு பங்கு செத்து, மிச்சம் அடிபட்டுக் கிடக்கும். சோதனையை 24 மணி நேரத்துக்குள், தவறினால் 36 மணிக்குள் தொடங்கிவிட வேண்டும்.

முதல் நாள்: கிருமியைத் தேற்றுவது

25 கிராம் மாதிரியை 225 மி.லி. பஃபர்ட் பெப்டோன் வாட்டரில் (கிருமிக்கு ஊட்டம் தரும் திரவம், அதாவது ஒரு பிராத்) கலந்து, 34 முதல் 38 டிகிரிக்குள் 18 மணி நேரம் வையுங்கள். குளிரிலும் சர்க்கரையிலும் அடிபட்ட கிருமி இங்கேதான் உயிர் தேறுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பிராத்தை அப்படியே ஊற்றினால், 225 மி.லி. சூடேறவே சில மணி நேரம் போய்விடும். 18 மணி என்று நாம் எழுதுவது பொய்யாகிவிடும். முதலில் அறை வெப்பத்துக்காவது கொண்டுவாருங்கள். பாட்டில்களை இன்குபேட்டரில் நெருக்கி அடுக்காதீர்கள்.

உறைந்த ஐஸ்கிரீமை 2 முதல் 5 டிகிரியில் 18 மணிக்குள் இளக்கலாம். அவசரமென்றால் 45 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீர்த் தொட்டியில் ஆட்டியபடி 15 நிமிடத்துக்குள் இளக்குங்கள். சர்பத்தில் புளிப்பு இருந்தால், கலந்த பிறகு பிஎச் பாருங்கள். 7.0-லிருந்து 0.2-க்கு மேல் விலகினால் சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டுச் சரிசெய்ய வேண்டும்.

பாதாம் பிசினுக்குத் தனிக் கவனம் வேண்டும். உலர்ந்த பண்டத்தில் சால்மொனெல்லா மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே ஊறியதோடு காய்ந்த கட்டியையும் சோதியுங்கள். காய்ந்த பிசின் 25 கிராமை 225 மி.லி.யில் போட்டுப் பாருங்கள்: சற்று நேரத்தில் தண்ணீரை உறிஞ்சி, பாட்டில் முழுக்க நுங்கு போல நிற்கும், மறுநாள் பைப்பெட் நுனியில் ஏறத் துளி திரவம் இருக்காது. தளர்வான திரவம் தங்கும் வரை பிராத்தைக் கூட்டுங்கள். கூட்டிய அளவை மறக்காமல் எழுதுங்கள். ஊறிய பிசினுக்கு 225 மி.லி. போதும்.

இதே நாளில், முறை சரியாக நடக்கிறதா என்று பார்க்க இன்னும் மூன்று கட்டுப்பாட்டுப் பாட்டில் ஓட வேண்டும். மாதிரி போடாத வெறும் பிராத் ஒன்று. தெரிந்த சால்மொனெல்லா போட்டது ஒன்று. மூன்றாவதுதான் முக்கியம்: அதே ஜிகர்தண்டாவின் இன்னொரு 25 கிராமில் பத்துக்கு மேற்படாத சால்மொனெல்லா செல்களை வேண்டுமென்றே விட்டது. இதில் கிருமி எழும்பாவிட்டால் அந்தப் பண்டத்தில் உங்கள் முறை வேலை செய்யவில்லை. மாதிரியில் வந்த 'இல்லை'க்கும் மதிப்பில்லை. கட்டுப்பாட்டுக்கு அரிதான செரோவர் (சால்மொனெல்லாவின் உள்வகை) ஒன்றை வைத்துக்கொண்டால், அது மாதிரிக்குள் தெறித்திருந்தால் உடனே பிடிபடும்.

இரண்டாம், மூன்றாம் நாள்

மற்ற கிருமிகளை அடக்கி சால்மொனெல்லாவை வளரவிடும் இரண்டு திரவங்கள் ஆர்விஎஸ், எம்கேடிடிஎன். முதல் நாள் பிராத்திலிருந்து 0.1 மி.லி.யை 10 மி.லி. ஆர்விஎஸ் பிராத்துக்கும், 1 மி.லி.யை 10 மி.லி. எம்கேடிடிஎன் பிராத்துக்கும் மாற்றுங்கள். ஆர்விஎஸ் 41.5 டிகிரியில், எம்கேடிடிஎன் 37 டிகிரியில், 24 மணி நேரம். ஆர்விஎஸ்ஸில் தவறு அதிகம் நடப்பது வெப்பத்தில். ஒரு டிகிரிக்கு மேல் கூடினால் சில சால்மொனெல்லாவே வளராது. கரண்ட் போய் வரும் ஊரில் குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பத்தைப் பதியும் தெர்மாமீட்டர் இல்லாமல் இந்த வேலையை நம்ப முடியாது. எம்கேடிடிஎன்னுக்கு அயோடின் கரைசலையும் நோவோபயோசின் என்ற ஆன்டிபயாடிக்கையும் அன்றன்றைக்குச் சேருங்கள். சேர்த்த பிறகு சூடாக்காதீர்கள்.

இரண்டிலிருந்தும் லூப்பால் (கம்பி வளையத்தால்) எக்ஸ்எல்டி அகார் என்ற கெட்டி ஊடகத் தட்டிலும், அதோடு இன்னொரு ஊடகத்திலும் தேய்த்து, 37 டிகிரியில் 24 மணி வையுங்கள். எக்ஸ்எல்டியை ஆட்டோகிளேவ் செய்யக் கூடாது. கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். சிவப்புக் காலனி (கிருமிக் கூட்டம் வளர்ந்த புள்ளி), நடுவில் கறுப்புப் பொட்டு என்றால் சால்மொனெல்லா என்று சந்தேகம். மஞ்சள் காலனியில் கறுப்பு இருந்தால் பெரும்பாலும் புரோட்டியஸ் போன்ற வேறு பாக்டீரியாக்கள். சால்மொனெல்லாவிலேயே பாராடைஃபி ஏ என்ற வகை கறுப்பு காட்டாமல் வெறும் இளஞ்சிவப்பாக நிற்கும். டைஃபாய்டு உண்டாக்கும் டைஃபி வகை ஆர்விஎஸ்ஸில் சரியாக எழும்பாது. டைஃபாய்டு சந்தேகத்தில் வந்த மாதிரி என்றால் இரண்டாவது ஊடகமாக பிஸ்மத் சல்ஃபைட் அகாரை எடுங்கள்.

உறுதிசெய்வது

ஒரு காலனியைத் தூய்மைப்படுத்திச் சோதியுங்கள். அது சால்மொனெல்லா இல்லையென்றால், அதே தட்டிலிருந்து இன்னும் நான்கு. டிஎஸ்ஐ குழாயில் (மூன்று சர்க்கரையும் இரும்பும் உள்ள, சரிவாக உறையவைத்த அகார்) பொதுவாகச் சரிவு சிவப்பு, அடி மஞ்சள், கறுப்பு வர வேண்டும். மூடியை இறுக்கினால் காற்றில்லாமல் சரிவின் நிறம் பொய் சொல்லும். யூரியாவை உடைக்கும் சோதனை எதிர்மறை, லைசின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் சோதனை பொதுவாக நேர்மறை. கடைசியாக, சால்மொனெல்லாவைத் திரளவைக்கும் சீரத்தை விட்டுப் பார்ப்பது. சீரம் விடுமுன் காலனியை உப்புக் கரைசலில் கரைத்துப் பாருங்கள். அதிலேயே திரண்டால் சீரம் சோதனைக்கு அர்த்தமில்லை. இல்லாததைச் சொல்ல நான்கு நாள், இருப்பதை உறுதிப்படுத்த ஒரு வாரம் ஆகலாம்.

வைரஸ்

நோரோவைரஸும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் மேலே சொன்ன எந்தத் தட்டிலும் வளராது. வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் வசதி உள்ள ஆய்வகத்துக்கே அனுப்ப வேண்டும். ஹெபடைடிஸ் ஏ நோய் உடலில் தெரியவர 15 முதல் 50 நாள் ஆகும். அதற்குள் அன்றைய பண்டம் எங்கே இருக்கும்? ஆகவே தண்ணீரையும் பரிமாறுபவரின் கையையும்தான் தேட வேண்டியிருக்கும். பிசிஆர் செத்த வைரஸின் ஆர்என்ஏவையும் காட்டும் என்பதை அறிக்கை படிப்பவருக்குச் சொல்லிவிடுங்கள்.

அறிக்கை

'25 கிராமில் கண்டறியப்படவில்லை' என்று எழுதுங்கள். மாதிரி எண், வந்தபோது இருந்த வெப்பம், கட்டுப்பாட்டுப் பாட்டில்களின் முடிவு மூன்றும் கூடவே இருக்கட்டும். பயன்படுத்திய தட்டுகளை 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த பிறகே வெளியே அனுப்புங்கள். கிருமி உறுதியானால் அன்றே கடைக்காரருக்குச் சொல்லிவிடுங்கள். 'மறுபடி ஒருமுறை பாருங்கள்' என்று கேட்பார்கள். அவர்கள் பிழைப்பு அது, கேட்பது இயல்பு. பாருங்கள். ஆனால் இரண்டாவது மாதிரியில் வராததால் முதலாவதில் வந்தது அழிந்துவிடாது. இரண்டு முடிவையும் ஒரே அறிக்கையில் கொடுங்கள்.