ஆர்தர் ராக்கம் முறையில் ஒரு மாய மரம்: மையும் வாட்டர்கலரும் கொண்டு வரையப் பழகுவோம்

வேர்கள் விரல்களாக நீண்டிருக்கும். பட்டைச் சுருக்கத்துக்குள் ஒரு கிழவனின் முகம் தெரியும். கிளை வளைவில் காலைத் தொங்கப்போட்டபடி ஒரு குள்ளன் உட்கார்ந்திருப்பான். குழந்தைகள் புத்தகத்தில் இப்படியொரு மரத்தை எங்கே பார்த்தாலும், அதன் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு போனால் பெரும்பாலும் ஒரே ஆளிடம்தான் போய் நிற்போம். அவர் லண்டனில் பிறந்த ஓவியர் ஆர்தர் ராக்கம் (1867–1939).

அவர் கையாண்ட முறையில் ஒரு மரத்தை முழுதாக வரைந்து முடிப்பதுதான் இந்தப் பதிவின் வேலை. மைப்பேனா பிடித்துப் பழக்கமில்லாதவர்களும் செய்யலாம். நடுநடுவே அவருடைய வாழ்க்கையும் வரும். ஒவ்வொரு படிக்கும் காரணம் அவர் பார்த்த வேலையிலும், அந்தக் காலத்து அச்சு இயந்திரத்திலும் இருக்கிறது. அந்தக் காரணம் புரிந்தால் கை தயங்காது.

ராக்கமின் படங்களைப் பார்த்து வரைவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிகிறது. பிரிட்டனில் 70 ஆண்டுகள். இரண்டுமே கடந்துவிட்டன. இணைய ஆவணக் காப்பகத்திலும் குட்டன்பர்க் தளத்திலும் அவருடைய புத்தகங்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. தொடங்கும் முன் அங்கே போய் ஒரு பத்துப் படங்களையாவது பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகளை மட்டும் பாருங்கள், வண்ணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாங்க வேண்டியவை

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) வாட்டர்கலர் பேப்பர், வழவழப்பான வகை. சொரசொரப்பான தாளில் நிப் மாட்டிக்கொண்டு மையைத் தெறிக்கும். மை தொட்டு எழுதும் பேனாவும் கூர்மையான, வளைந்துகொடுக்கும் இரண்டு நிப்புகளும். தண்ணீர் பட்டால் கரையாத கறுப்பு இந்தியன் இங்க். இதில் மட்டும் சமரசம் வேண்டாம். சாதாரண ஃபவுண்டன் பேனா மை, மேலே வண்ணம் பூசியவுடன் கரைந்து ஓடிவிடும். இந்தியன் இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினாலோ பேனா அடைத்துக்கொள்ளும்.

வண்ணங்கள் ஐந்து போதும்: யெல்லோ ஓக்கர், ரா அம்பர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் நீலம், ஏதாவது ஒரு சிவப்பு. 4, 8 எண் வட்ட பிரஷ்கள், 2பி பென்சில், பிசைந்து பயன்படுத்தும் மென்மையான ரப்பர், தாளை ஒட்ட ஒரு பலகை, மாஸ்கிங் டேப், டிஷ்யூ பேப்பர்.

முதல் படி: நிஜமான மரம் ஒன்றைப் பாருங்கள்

மாயம் என்றாலும் அது கண்ணால் பார்த்த மரத்திலிருந்துதான் வர வேண்டும். 1906இல் வெளியான 'கென்சிங்டன் தோட்டத்தில் பீட்டர் பேன்' புத்தகத்துக்காக ராக்கம் லண்டனில் அந்தத் தோட்டத்துக்கே போய்ப் பார்த்து வரைந்தார். அதனால்தான் அந்தப் படங்களில் தேவதைகள் வேர்களுக்கு நடுவே ஓடினாலும், அது லண்டன் பூங்கா என்பதில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை.

உங்கள் தெருவில் இருக்கும் வயதான மரம் எதுவானாலும் சரி. கால் மணி நேரம் எதிரே உட்காருங்கள். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அடிமரம் எந்தப் பக்கம் சாய்கிறது, கிளை வெட்டுப்பட்ட இடங்களில் கணு எப்படிப் புடைத்திருக்கிறது, வேர் எந்த இடத்தில் மண்ணுக்குள் இறங்குகிறது. முகம் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அந்தக் கணுக்களில்தான். ராக்கமின் மரங்களிலும் குள்ளர்களிலும் கண்ணாடி போட்ட, சுருக்கம் விழுந்த அவருடைய சொந்த முகச்சாயலே எட்டிப்பார்க்கும். நீங்களும் கண்ணாடி முன் நின்று உங்கள் மூக்கையே மரத்துக்குக் கொடுக்கலாம்.

இரண்டாம் படி: பென்சில்

தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் பலகையில் ஒட்டுங்கள். 2பி பென்சிலால் மிக லேசாகப் பெரிய வடிவங்களை மட்டும் போடுங்கள். அடிமரம் நேராக வேண்டாம், ஒரு முறையாவது வளைந்து திரும்பட்டும். அதன் ஒரு பக்கத்தில் நல்ல வெற்றிடம் விடுங்கள். குள்ளனுக்கு இடம் குறித்து வையுங்கள். பட்டைச் சுருக்கங்களைப் பென்சிலில் வரையவே வேண்டாம். அது பேனாவின் வேலை.

மூன்றாம் படி: மை

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். படத்தின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது.

ராக்கம் எடுத்த எடுப்பில் புத்தக ஓவியர் ஆகிவிடவில்லை. 18 வயதில் வெஸ்ட்மின்ஸ்டர் தீ காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பகலெல்லாம் கணக்கு, மாலையில் லாம்பெத் கலைப் பள்ளியில் வகுப்பு. இப்படியே 1892 வரை ஓடியது. அந்த ஆண்டு வேலையை விட்டுவிட்டு 'வெஸ்ட்மின்ஸ்டர் பட்ஜெட்' இதழில் நிருபராகவும் ஓவியராகவும் சேர்ந்தார். பத்திரிகைக்கு வேண்டியது கறுப்புக் கோடு, அதுவும் அச்சில் நசுங்காத தெளிவான கோடு. அங்கே பழகிய கை 1900இல் கிரிம் சகோதரர்களின் தேவதைக் கதைகளுக்கு 99 கறுப்பு வெள்ளைப் படங்களை வரைந்தது. வண்ண ஓவியராக அவருக்குப் பெயர் வந்தது இதற்கெல்லாம் பிறகுதான். முதலில் கோடு, அப்புறம் வண்ணம் என்ற வரிசை அவருக்கு வாழ்க்கையிலேயே அமைந்திருந்தது.

புது நிப்பில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மை ஒட்டாமல் உருண்டு விழும். நிப்பின் நடுவில் சின்ன ஓட்டை இருக்கும். அந்த அளவுக்கு மட்டும் மையில் தோய்த்து, புட்டியின் விளிம்பில் ஒரு முறை தொட்டு எடுங்கள். கோட்டை எப்போதும் உங்களை நோக்கி இழுங்கள். வெளிப்பக்கம் தள்ளினால் நிப் தாளைக் குத்தும். வளைவு வந்தால் கையை முறுக்காமல் பலகையைத் திருப்பிக்கொள்ளுங்கள். அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். ஒரு கிழிந்த தாளில் இதை மட்டும் அரை மணி நேரம் செய்து பாருங்கள்.

இனி மரம். அடியில் வேரிலிருந்து தொடங்கி மேலே போங்கள். பட்டையின் கோடுகள் மரம் எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கமே வளைய வேண்டும். கணு வரும்போது, ஆற்று நீர் பாறையைச் சுற்றிப் போவதைப் போல, கோடுகள் இரண்டாகப் பிரிந்து அதைச் சுற்றிப்போய் மறுபடி சேரட்டும். அந்தப் பிளவுக்குள் ஒரு சின்ன வளைகோடு போட்டால் இமை. கீழே இன்னொன்று போட்டால் கண்ணுக்குக் கீழ் தொங்கும் சதை. கண்மணியைப் போடாதீர்கள். அது மரமா முகமா என்று பார்ப்பவர் ஒரு கணம் தடுமாற வேண்டும், அந்தத் தடுமாற்றத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

வெளிச்சம் படும் பக்கம் கோட்டை உடைத்து உடைத்துப் போடுங்கள். நிழல் பக்கம் தடித்த கோடு. தூரத்துக் கிளைகளுக்கு மையில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் கலந்து சாம்பல் நிறமாக்கிக்கொள்ளுங்கள், அவை தானாகவே பின்னால் போய்விடும். குள்ளனை மரத்தைவிடக் குறைந்த கோடுகளில் முடியுங்கள். இல்லையென்றால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து ஆள் இருப்பதே தெரியாமல் போகும்.

நன்றாகக் காயட்டும். ஓரத்தில் ஒரு கோட்டை ஈர பிரஷ்ஷால் தொட்டுப் பாருங்கள். மை கரையவில்லை என்றால் பென்சில் கோடுகளை மென்மையான ரப்பரால் ஒற்றி எடுத்துவிடலாம்.

நான்காம் படி: முதல் பூச்சு

ரா அம்பரும் கொஞ்சம் யெல்லோ ஓக்கரும் நிறையத் தண்ணீரில் கலக்குங்கள். ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் ஒரு வரி எழுதி அதன் மேல் பூசிப் பாருங்கள். எழுத்து சிரமமில்லாமல் தெரிந்தால் பதம் சரி. பலகையைச் சற்றுச் சாய்த்து, பெரிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தாள் முழுவதும் ஒரே மூச்சில் பூசுங்கள். வானம், மரம், ஆள் எல்லாவற்றின் மேலும்தான். வெள்ளைத் தாளின் பளிச்சென்ற தன்மை போய், பழைய புத்தகத்தின் வெளிச்சம் வந்துவிடும்.

பூச்சின் பளபளப்பு அடங்கி ஈரம் மட்டும் மிஞ்சும் நேரத்தைக் கவனியுங்கள். சுத்தமான ஈர பிரஷ்ஷால் வெளிச்சம் வேண்டிய இடங்களைத் தொட்டு, உடனே டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். குள்ளனின் முகம், ஒரு வேரின் முதுகு, கிளைகளுக்கு நடுவே வானத்தில் ஒரு பகுதி. மூன்று இடம் போதும்.

இப்படி மங்கலான பழுப்பில் படம் முழுவதையும் தோய்ப்பதற்கு ரசனை ஒரு காரணம், அச்சுக்கு இது ஒத்துவந்தது இன்னொரு காரணம். அந்தக் காலத்தில் மூவண்ண அச்சு முறை புதிது. ஓவியத்தை மூன்று வடிகட்டிக் கண்ணாடிகள் வழியாகத் தனித்தனியாகப் புகைப்படம் எடுத்து, மஞ்சள், சிவப்பு, நீலம் என மூன்று அச்சுத் தகடுகள் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடிப்பார்கள். வாட்டர்கலரின் மெல்லிய ஏற்ற இறக்கங்கள் இதில் அழகாக வந்தன, ஆனால் விளிம்புகள் மழுங்கின. வழவழப்பான பூச்சுத் தாளில்தான் இது சரியாகப் பதியும் என்பதால், படங்களைத் தனியாக அச்சடித்துத் தடித்த பக்கங்களில் கையால் ஒட்டினார்கள். ராக்கமின் மென்மையான பூச்சும் கறாரான மைக்கோடும் இந்த இயந்திரத்துக்கு அவ்வளவு பொருந்தின. 1905இல் 51 வண்ணப் படங்களோடு வந்த 'ரிப் வான் விங்கிள்' அவரை அந்தத் துறையின் முதல் வரிசைக்குக் கொண்டுபோனது.

ஐந்தாம் படி: அடுக்கடுக்காக

அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் அருமையான சாம்பல் கிடைக்கும். இதையும் நீர்க்கக் கலந்து நிழல் பக்கங்களில் மட்டும் பூசுங்கள். காயவிடுங்கள். மறுபடி, முன்னதைவிடச் சின்ன இடத்தில். மறுபடி காயவிடுங்கள். நான்கைந்து அடுக்கில் பொந்தின் உள்ளே இருட்டு சேர்ந்துவிடும். கறுப்பு வண்ணத்தைத் தொட வேண்டியதில்லை. ஈரத்தின் மேல் ஈரம் போனால் சேறாகிவிடும், ஆகவே அவசரமென்றால் ஹேர் டிரையரை எட்டப் பிடித்துக் காட்டலாம்.

கடைசியாகச் சிவப்பு. குள்ளனின் தொப்பிக்கு மட்டும். சுற்றிலும் பழுப்பாக இருக்கும்போது அந்தச் சிறு சிவப்புக்கு இருக்கும் பலம், படம் முழுக்க வண்ணம் கொட்டினால் கிடைக்காது.

ஆறாம் படி: மறுபடி பேனா

வண்ணம் ஏறியபின் சில கோடுகள் அமுங்கியிருக்கும். தாள் முழுதாகக் காய்ந்ததும் முன்பக்கத்து வேர், முகத்தின் இமை, குள்ளனின் விரல்கள் ஆகியவற்றின் மேல் மட்டும் மையால் இன்னொரு முறை போங்கள். அச்சில் தெளிவு குறையும் என்று தெரிந்து ராக்கமும் வண்ணத்துக்குப் பிறகு இப்படி மறுபடி மை போடுவதுண்டு. எல்லாக் கோட்டையும் புதுப்பித்துவிடாதீர்கள்.

ஏழாம் படி: சரிபார்ப்பு

1908 வாக்கில் 'காற்றும் வில்லோ மரங்களும்' கதைக்குப் படம் போட வந்த வாய்ப்பை, ஷேக்ஸ்பியரின் 'கோடை நள்ளிரவுக் கனவு' வேலை கையில் இருந்ததால் ராக்கம் விட்டுவிட்டார். அந்த வருத்தம் அவருக்கு வெகுகாலம் இருந்தது. கடைசியில் ஒரு அமெரிக்கப் பதிப்பாளர் வழியாக அதே புத்தகம் திரும்பி வந்தது. அதன் படங்களை முடிக்கும் நேரத்தில் அவர் புற்றுநோயோடு படுக்கையில் இருந்தார். எலியும் அகழெலியும் படகில் சாமான் ஏற்றும் படம் முடிந்தது என்று மகள் பார்பரா நினைத்த பிறகு, படகில் துடுப்பு இல்லை என்பதை அவர் கவனித்தார். அது பெரிய விஷயமில்லை என்று மகள் சொல்லியும் கேட்காமல், சிரமப்பட்டுத் திருத்தித் துடுப்பை வரைந்தார். 1939 செப்டம்பரில் இறந்துபோனார். புத்தகம் 1940இல் அமெரிக்காவில் வெளிவந்தது.

ஆகவே படத்தைச் சுவரில் சாய்த்துவைத்து ஐந்தடி தள்ளி நின்று பாருங்கள். குள்ளன் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறான்? அவன் கால் எங்கே போகிறது? வேர் மண்ணுக்குள் இறங்குகிறதா, இல்லை காற்றில் நிற்கிறதா? குழந்தைகள் இதையெல்லாம் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதைத் தொழிலாக நினைப்பவர்களுக்கு

ராக்கம் ஒரே படத்தொகுதியை மூன்று வழிகளில் விற்றார். கடைகளுக்குப் போகும் சாதாரணப் பதிப்பு ஒன்று. எண்ணிட்டுக் கையெழுத்துப் போட்ட ஆடம்பரப் பதிப்பு இன்னொன்று. 'ரிப் வான் விங்கிள்' இப்படி 250 பிரதிகள் வந்தது. மூன்றாவதாக, மூல ஓவியங்களை லண்டனின் லெஸ்டர் கேலரியில் கண்காட்சி வைத்து விற்பது. பீட்டர் பேன் வாய்ப்பு அமைந்ததும் அந்தக் கேலரிக்காரர்கள் மூலமாகத்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு கிறிஸ்துமஸ் பரிசுப் புத்தகச் சந்தை படுத்தபோது அமெரிக்கப் பதிப்பாளர்கள் பக்கம் திரும்பி, 1927இல் நியூயார்க்கும் போய்வந்தார். எனவே மூலப் படத்தைப் பத்திரமாக வையுங்கள், நல்ல ஸ்கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், வேலைக்குப் போகிறவர்கள் சம்பளத்தை விடும் முன் கோட்டைப் பழகுங்கள்.

இந்த மரம் முடிந்தால் அடுத்து அவருடைய 1919ஆம் ஆண்டு 'சிண்ட்ரெல்லா'வைத் தேடி எடுங்கள். அதில் பெரும்பாலும் நிழலுருக்கள்தான். இன்று வரைந்த அதே குள்ளனை, உள்ளே ஒரு கோடுகூட இல்லாமல், முழுக் கறுப்பில் வரைந்து பாருங்கள். மூக்கும் விரலும் தொப்பி நுனியும் வெளிவிளிம்பிலேயே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஆளைப் பக்கவாட்டில் திருப்பி உட்காரவையுங்கள்.